மாதவிடாய் தவறும் பருவமும் இத்தாவும்

மரக்காணம் உப்பளங்களில் கோடை வெயிலில் உப்பு வாரிச் சுமப்போருள் பெண்கள் பலர். நாற்பத்தைந்து வயதை எட்டும் பெண்ணுக்கு மாதவிடாய் மூன்று மாதம் நின்று, பின் பத்து நாள் நீடித்து, மீண்டும் மறைவது புதுமையன்று. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதளவில் அது முற்றாக நின்றுவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் ஐயத்தின் காலம். தொழுகை, நோன்பு, இத்தா ஆகிய மூன்றையும் இவ்வையம் தொடுகிறது. இக்கரையின் தெற்கே பரங்கிப்பேட்டை முதல் காயல்பட்டினம் வரை ஷாஃபிஈ மத்ஹபு வேரூன்றியிருத்தலின், அம்மத்ஹபின் வழியே இதனை நோக்குவோம்.

வணக்கத்தைப் பொறுத்தவரை வழி தெளிவானது. உதிரம் நிற்கவில்லை என முறையிட்ட ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்களிடம், அது நரம்பிலிருந்து வருவது. வழக்கமான நாட்கள் கழிந்ததும் குளித்துத் தொழ வேண்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஷாஃபிஈ அறிஞர்கள் ஹைளின் குறைந்த அளவை ஓர் இரவு பகல் என்றும், மிகுந்த அளவை 15 நாட்கள் என்றும் வரையறுத்தனர். ஆகவே மேற்சொன்ன பத்து நாள் உதிரம் ஹைளே. 15 நாட்களைக் கடந்து நீடித்தால் இஸ்திஹாளாவின் சட்டங்கள் வரும். வழக்கமான நாட்களையே மறந்து தடுமாறுபவளை 'முதஹய்யிரா' என்றழைத்து நெடிய விளக்கங்கள் எழுதினர்.

கடினமான வினா இத்தாவில் எழுகிறது. தலாக் பெற்றவளுக்கு மூன்று 'குரூஃ' என்கிறது திருமறை (2:228). மாதவிடாயில் நம்பிக்கையிழந்தோருக்கு, ஐயம் நேரின் மூன்று மாதம் என்கிறது (65:4). இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவள் என் செய்வாள்?

ஓரிரு முறை ஹைள் கண்டபின் அது நின்றுபோனவள், கருவுற்றிருக்கிறாளா என அறிய ஒன்பது மாதமும், பின் இத்தாவாக மூன்று மாதமும் காத்திருக்க வேண்டும் எனக் கலீஃபா உமர் (ரலி) தீர்ப்பளித்ததை இமாம் மாலிக்கின் 'முவத்தா' பதிவு செய்கிறது. இமாம் ஷாஃபிஈ தம் பழைய கருத்தில் இதனையே தழுவினார். எகிப்தில் உருவான புதிய கருத்திலோ, காரணம் அறியாது நின்றவளும் மீண்டும் ஹைள் காணும்வரை, அல்லது நம்பிக்கையிழக்கும் வயதை எட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றார். இறைவசனத்தின் சொல்லை விட்டு விலகாமையே அதன் நியாயம். பிற்காலத்தார் பலர் அவ்வயதை 62 என்றனர். அவ்வாறாயின் நாற்பத்தைந்தில் தலாக் பெற்றவள் பதினேழு ஆண்டுகள் மறுமணமின்றிக் காத்திருக்க நேரும். இந்நெருக்கடியை உணர்ந்தே, பிற்கால ஹனஃபீ அறிஞர் சிலர் தேவை கருதி மாலிக்கீ கருத்துப்படி ஃபத்வா வழங்கினர்.

இன்றைய மருத்துவமும் தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் இல்லாதபோதே அது நின்றுவிட்டதென உறுதி செய்கிறது. உமர் (ரலி) அவர்களின் கணக்குக்கு அடிப்படை வேறாயினும் கால அளவு ஒன்றாய் அமைந்தது சிந்திக்கத்தக்கது. ஓராண்டு நின்றபின் மீண்டும் உதிரம் கண்டால், சட்டம் கேட்பதோடு மருத்துவரையும் நாடுதல் அவசியம்.

நம் முன்னோர் இவ்வினாக்களை நாணத்தால் ஒதுக்கவில்லை, ஏடேடாக ஆராய்ந்தனர். ஐயுற்ற பெண் வாய்திறந்து கேட்கவும், ஆலிம்கள் அவளுடைய ஆண்டுகளின் அருமையை எண்ணி விடை பகரவும் வேண்டும் என்பதே அவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம்.