தேய்ந்த கப்பல்

மதுரையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில், வெளிநாட்டுக் காசுகளைக் கொட்டி வைத்திருந்த தட்டின் அடியில் அது கிடந்தது. இரண்டு பக்கமும் வழவழவென்றிருந்தது. வெளிச்சத்துக்குச் சற்றுச் சாய்த்துப் பிடித்ததும், பாய் விரித்த ஒரு கப்பல் நிழல்போல எழுந்து வந்தது. “சார், அது ரொம்ப தேஞ்சுபோன காசு. எடைக்குத்தான் போட்டிருக்கேன். நல்லதா வேணும்னா உள்ளே இருக்கு, எடுக்கட்டுமா?” என்றார் கடைக்காரர். இதுவே போதும் என்றேன். வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் வைத்துக் கேட்டார். கொடுத்தேன்.

வாடகை, பால், பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவதில் காசு சேர்ப்பவன் நான். பளபளக்கும் பழைய காசுகள் என் கைக்கு எட்டாதவை. வேறு வழியில்லாமல்தான் தேய்ந்தவற்றை வாங்குகிறேன் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. பணம் வந்தாலும் இவற்றைத்தான் தேடுவேன். இந்தக் காசு வந்த வழியைத் தெரிந்துகொண்ட பிறகு ஏற்பட்ட மாற்றம் அது.

இதன் பெயர் கொலம்பஸ் அரை டாலர். அமெரிக்க அரசு வெளியிட்ட முதல் நினைவு நாணயம். கொலம்பஸ் கடல் கடந்து போன 400ஆம் ஆண்டைக் கொண்டாடச் சிகாகோவில் பெரும் உலகக் கண்காட்சி ஒன்றை நடத்த முடிவெடுத்திருந்தார்கள். அதற்குப் பணம் தேவைப்பட்டது. 1892 ஆகஸ்ட் 5 அன்று நிறைவேறிய சட்டம், 50 லட்சம் அரை டாலர் காசுகள் வரை அச்சிட்டுக் கண்காட்சிக்குத் தர வழிசெய்தது. முகமதிப்பு 25 லட்சம் டாலர். ஒவ்வொன்றையும் ஒரு டாலருக்கு விற்றால் 50 லட்சம் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. இந்தக் காசுகளுக்கான வெள்ளியைக் கருவூலத்தில் கிடந்த, புழக்கத்துக்கு உதவாமல் போன பழைய சில்லறைக் காசுகளை உருக்கி எடுக்க வேண்டும் என்றது அது. இதைப் படித்த அன்று காசை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தேன். இந்த வெள்ளி அதற்கு முன்பே ஒரு தடவை காசாக வாழ்ந்திருக்கிறது. யார் யாருடைய சட்டைப் பையிலோ, கடைக் கல்லாவிலோ கிடந்து தேய்ந்து, இனி உதவாது என்று ஒதுக்கப்பட்டு, உலைக்குள் போய், கொலம்பஸின் முகத்தோடு திரும்பி வந்திருக்கிறது.

பிலடெல்பியா அக்கசாலையில் 1892 நவம்பர் 19 அன்று அச்சடிப்பு தொடங்கியது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, பத்துப் பங்கு செம்பு. எடை 12.5 கிராம். ஒரு பக்கம் கொலம்பஸ், சார்லஸ் பார்பர் செதுக்கியது. மறுபக்கம் ஜார்ஜ் மார்கனின் வேலை: பூமியின் இரண்டு அரைக்கோளங்களின் மேலே கொலம்பஸின் சாண்டா மரியா கப்பல், அரைக்கோளங்களுக்கு இருபுறமும் பிரிந்து நிற்கும் 1492, அடியில் அச்சிட்ட ஆண்டு. கொலம்பஸ் உயிரோடு இருந்தபோது அவரைப் பார்த்து வரைந்த படம் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. ஆகவே காசில் இருப்பது கற்பனை முகம். அந்த முகம்தான் முதலில் தேய்ந்தது.

முதல் காசை ரெமிங்டன் தட்டச்சுப் பொறி நிறுவனத்தார் 10,000 டாலருக்கு வாங்கினார்கள். நல்ல விளம்பரம். அடுத்தடுத்த காசுகளுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

கண்காட்சி 1893 மே 1 முதல் அக்டோபர் 30 வரை நடந்தது. ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் நுழைவுகள் பதிவாயின. உள்ளே போக 50 சென்ட். உலகின் முதல் பெர்ரிஸ் ராட்டினம் அங்கேதான் 264 அடி உயரத்தில் சுழன்றது. அதில் ஏற இன்னொரு 50 சென்ட். குடும்பத்தோடு ரயிலேறி வந்த ஒரு தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். நாள்கூலி ஒரு டாலரோ ஒன்றரை டாலரோதான். அதே ஆண்டில் வங்கிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. பெரும் பொருளாதார வீழ்ச்சி அது. அந்த மனிதரிடம், 50 சென்ட் காசை ஒரு டாலர் கொடுத்து வாங்கிப்போய்ப் பெட்டியில் வை என்றால் எப்படி வாங்குவார்? ராட்டினத்தில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு ஊர் திரும்பியிருப்பார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

நம் ஊர் வாசகருக்கு இந்தக் கண்காட்சியை வேறொரு வாசல் வழியாகத் தெரியும். அதன் துணை நிகழ்ச்சியாக நடந்த சர்வமத மகாசபையில்தான் 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசினார். அவரை அனுப்பி வைக்கச் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் நன்கொடை திரட்டினார்கள். ஜூலைக் கடைசியிலேயே சிகாகோ போய்ச் சேர்ந்தவர் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்தார். கையிருப்பு கரைவதைக் கண்டு, செலவு குறைவாக இருக்கும் என்று பாஸ்டன் பக்கம் போய்விட்டார். சிகாகோவின் அன்றைய விலைவாசியை நினைக்கும்போதெல்லாம், சென்னையில் சேர்ந்த அந்த நன்கொடைப் பணமும் என் நினைவுக்கு வரும்.

கண்காட்சி முடிந்தபோது காசுகள் மூட்டை மூட்டையாக மிஞ்சின. சுமார் 25 லட்சம் காசுகள் திரும்பவும் உலைக்குப் போயின. தேய்ந்த காசை உருக்கிப் புதுக்காசு அடித்து, அதைத் தேயவே விடாமல் மறுபடி உருக்கினார்கள். உலைக்குத் தப்பியவற்றில் கணிசமான பங்கு முகமதிப்புக்கே, வெறும் 50 சென்ட்டுக்கே, சாதாரணப் புழக்கத்தில் விடப்பட்டது. என் காசு அந்தக் கூட்டத்தில் ஒன்று. ஒரு டாலர் கொடுத்து வாங்கியவர் அதைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். 50 சென்ட்டாக வந்ததை யார் சுற்றி வைப்பார்கள்? மாவு வாங்கியிருப்பார்கள், நிலக்கரி வாங்கியிருப்பார்கள், கூலி கொடுத்திருப்பார்கள்.

தேய்மானம் தன்போக்கில் நடப்பதில்லை. அதற்கு ஒரு வரிசை உண்டு. எது மேடோ அது முதலில் போகும். இந்தக் காசில் கொலம்பஸின் புருவமும் கன்னமும் நெற்றிக்கு மேல் உள்ள முடியும் முதலில் மழுங்கும். மறுபக்கம் பாயின் உச்சியும் கிழக்கு அரைக்கோளமும் போகும். பிறகு முடிக்கற்றைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே திட்டாகிவிடும். அதற்கும் பிறகு விளிம்பு தாழ்ந்து எழுத்துகளைத் தின்னத் தொடங்கும். என் காசு அந்தக் கட்டத்தில் இருக்கிறது. கண்டங்கள் அழிந்துவிட்டன, இரண்டு வட்டங்கள் மட்டும் இருக்கின்றன. கப்பலில் கயிறுகள் இல்லை, பாயின் மடிப்புகள் இல்லை. ஆனால் கப்பல் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இந்த அளவுக்குத் தேய, வெள்ளிக் காசு பல பத்தாண்டுகள் கைமாற வேண்டும். அமெரிக்கச் சில்லறையில் வெள்ளி அரை டாலர்கள் 1960களின் நடுப்பகுதி வரை புழங்கின. 1965இல் வெள்ளியின் பங்கைச் சட்டம் போட்டுக் குறைத்ததும் பழையவற்றை மக்கள் பதுக்கிக்கொண்டார்கள். 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது எண்ணற்ற பழைய காசுகள் மறுபடியும் உலைக்குப் போயின. தேய்ந்தவைதான் முதலில் போகும். அவற்றுக்காக யார் பரிந்து பேசப் போகிறார்கள்? அந்த உலைக்கும் தப்பியிருக்கிறது இது.

சேகரிப்பாளர்கள் காசின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் குறிக்கிறார்கள். ஷெல்டன் என்பவர் 1949இல் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்த முறை அது. 70 என்றால் குறையே இல்லை. 1 என்றால் இன்ன காசு என்று சொல்ல முடிகிறது, அவ்வளவுதான். என்னுடையது 3 பெறும். 1 என்ற தரத்துக்குப் போட்டிபோட்டு, நடுத்தரக் காசைவிட அதிக விலை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஈடுபாடில்லை. தரச் சான்றிதழுக்குக் கட்டும் பணத்தில் இன்னொரு காசு வாங்கலாம்.

குறைந்த பணத்தில் இந்த வழியில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1892 முதல் 1954 வரையிலான அமெரிக்க நினைவு நாணயங்களில் பெரும்பாலானவை நேராகச் சேகரிப்பாளர் பெட்டிக்குள் போனவை. அவற்றில் தேய்ந்தது கிடைப்பதுதான் அரிது. கொலம்பஸ் காசு, 1923இன் மன்றோ கொள்கை நூற்றாண்டுக் காசு, 1925இன் ஸ்டோன் மவுண்டன் காசு, 1946இல் தொடங்கிய புக்கர் டி. வாஷிங்டன் காசு ஆகியவை நன்றாகப் புழங்கியவை. பொறுமையாகத் தட்டுகளைக் கிளறினால் இவை அகப்படும். துளையிட்டவற்றையும் பற்றவைத்த தடமுள்ளவற்றையும் விட்டுவிடுங்கள். சமமாகத் தேய்ந்ததைப் பாருங்கள். தேய்க்கவும் கழுவவும் வேண்டாம். முன்பு ஒரு வெள்ளிக் காசை, வீட்டில் குத்துவிளக்கு துலக்குவதுபோலத் திருநீறு போட்டுத் தேய்த்துவிட்டேன். பள்ளங்களில் படிந்திருந்த கருமை போனதும் உருவமும் கூடவே போய்விட்டது. அந்தக் கருமை இருந்ததால்தான் எழுத்து தெரிந்தது. இன்றும் அந்தக் காசைப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது.

கொலம்பஸ் காசை வாங்கி வந்த வாரம், தெரிந்த நகைக்கடையில் கொடுத்து எடை போட்டுத் தரச் சொன்னேன். 11.5 கிராம் காட்டியது. புதிதாக இருந்தபோது 12.5. ஒரு முழு கிராம் வெள்ளியை மனிதர்கள் தொட்டுத் தொட்டே எடுத்துவிட்டார்கள். தராசுக்காரர் இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்துவிட்டு, “அதே எடைதான் சார்” என்றார்.

குறிப்பேட்டில் ஆண்டை மட்டும் இன்னும் எழுதவில்லை. 1892இல் அச்சானவை சுமார் 9.5 லட்சம், 1893இல் 40 லட்சத்துக்கும் மேல். இரண்டுக்கும் வேறுபாடு அடியில் உள்ள கடைசி எண் மட்டுமே. 1, 8, 9 மூன்றும் மங்கலாக நிற்கின்றன. அடுத்த எண்ணின் மேல்பாதி வளைவு இருக்கிறது. அது 2க்கும் பொருந்துகிறது, 3க்கும் பொருந்துகிறது. சாயங்கால வெயில் சன்னல் வழியாகத் தாழ விழும் நேரங்களில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நேற்று 3 போலத் தெரிந்தது.