மானும் மானாவாரியும்

மான் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் பிள்ளைகளின் மனக்கண்முன் தோன்றுவது, பன்னேருகட்டாவில் கம்பிவேலிக்கு அப்பால் நின்று மருண்டு நோக்கும் புள்ளிமானே. புலவர் அதன் விழியைப் பாடினர்; சிற்பியர் அதனைச் சிவபெருமான் கரத்தில் வைத்தனர். ஆனால் மானாவாரி நிலத்தை உழுது, வானத்தை நம்பி வாழ்ந்த குடியானவன் கண்ட மான் வேறு. நான்கு இலை விட்ட கேழ்வரகு நாற்றை ஒரே இரவில் நுனி கடித்துப் போகும் மான் அது. அந்த மானுக்கும் மனிதனுக்கும் நடந்த நெடுநாள் வழக்கினை இம்மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம்.

இதனை நீலசந்திராவில் வாழும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய காரணம் உண்டு. 1809இல் இவ்வூரருகே தண்டு அமைந்தபின், படையோடும் படையைத் தொடர்ந்த தொழில்களோடும் வடாற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களுள் எத்தனையோ பேர் புன்செய் நிலத்தை விட்டு வந்தவர்கள். ஏன், 'சந்திரா' என்று முடியும் இப்பக்கத்து ஊர்ப்பெயர்களே 'சமுத்திரம்' என்னும் ஏரிப்பெயரின் மரூஉ என்பர். இன்று வீட்டுமேல் வீடாக நெருங்கி நிற்கும் இவ்விடமும் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாய் இருந்தது என்பதற்கு அப்பெயரே சான்று.

நம் முன்னோர் மானை எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பதைச் சொற்களே காட்டும். நவ்வி, உழை, புல்வாய், இரலை என இனந்தோறும் பெயர். அவற்றின் குட்டியை 'மறி' என்று அழைக்க வேண்டும் எனத் தொல்காப்பிய மரபியல் வரையறுக்கிறது. சங்கக் குறிஞ்சியோ தினைப்புனக் காவலையே தன் களமாகக் கொண்டது. பகலில் பரண் மேலிருந்து தட்டையும் குளிரும் கவணும் கொண்டு மகளிர் கிளி கடிவர். இரவில் ஆடவர் தீப்பந்தமும் பறையும் கொண்டு யானையையும் பன்றியையும் விரட்டுவர். அங்கே காவலும் வேட்டையும் ஒரே குடியின் இரு கைகள். புனத்தில் நுழைந்த விலங்கு விளைச்சலுக்குப் பகை; வீழ்ந்தபின் அதுவே உணவு. இவ்வேற்பாட்டில் வீண் என்று ஒன்றும் இல்லை.

அரசு வலுப்பெற்ற இடங்களில் நிலை மாறிற்று. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் அபயவனத்து மானைக் கொல்வோர்க்குத் தண்டம் விதிக்கிறது. அவ்வனத்து விலங்கு தீங்கு செய்யத் தலைப்பட்டால் வனத்துக்கு வெளியே வைத்துக் கொல்லலாம் என்றும் விதிவிலக்குத் தருகிறது. இன்றைய சட்டத்தின் எலும்புக்கூடு அங்கேயே இருப்பதைக் காண்க. கன்னட நாட்டைப் பொறுத்தவரை, 12ஆம் நூற்றாண்டில் கலியாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடநூல், மான் வேட்டையின் வகைகளை விரிவாகப் பேசுகிறது. சிவிங்கியை ஏவி மானைப் பிடிப்பதும் அவற்றுள் ஒன்று. மன்னனுக்கு அது பொழுதுபோக்கு. உழவனுக்கு வேண்டியது இரவு உறக்கம்.

பெங்களூரில் வாழும் நம்மவர் கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்திற்குச் சென்றால் அங்குள்ள ஆதகூர்க் கல்லை அவசியம் காண வேண்டும். 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட செய்தியைக் கூறும் கல் அது. தமிழர் அதனைப் பார்த்து ஒரு கணம் நிற்பது இயல்பே. ஆயின் அக்கல் நட்டது அப்போருக்காக அன்று. கங்க மன்னன் பூதுகனிடம் 'காளி' என்னும் நாயைப் பரிசாகக் கேட்டுப் பெற்றான் மணலேரன் என்னும் வீரன். அந்நாய் பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு பொருது, இரண்டும் ஒருங்கே மடிந்தன. நாயின் நினைவாகக் கல்லும் நிலக்கொடையும் ஏற்பட்டன. பன்றியை எதிர்த்து மாண்டால் நாய்க்கும் கல் உண்டு. மானை விரட்டி விரட்டி உறக்கம் கெட்டவனுக்கு ஏது கல்?

'இவ்விலங்கு யாருடையது' என்ற வினா நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1525இல் செருமானிய உழவர் மெம்மிங்கன் நகரில் கூடி வகுத்த பன்னிரண்டு கோரிக்கைகளில் நான்காவது இதுவே. பிரபுக்களின் வேட்டை விலங்குகள் பயிரைத் தின்ன, உழவர் வாய் மூடி நிற்க வேண்டியிருக்கிறது என்று அவர்கள் முறையிட்டனர். அக்கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. பிரெஞ்சு நாட்டில் 1789 ஆகஸ்டு மாதத்துச் சட்டம் பிரபுக்களின் தனி வேட்டையுரிமையை ஒழித்து, நிலத்துக்குடையவன் தன் நிலத்தில் நுழையும் விலங்கைக் கொல்லலாம் என்று அறிவித்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கும் சட்டங்கள் வந்தன. நீலகிரிக்கு 1879இல் தனிச்சட்டம்; மைசூர் இராச்சியத்தில் 1901இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் ரெகுலேஷன். துரைமாரின் வேட்டைக்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்ற கவலை இவற்றில் பெரிதும் கலந்திருந்தது என்பது நம் கருத்து. ஆயினும் 1912ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், தன் உடைமையைக் காக்க நேர்மையாகக் கொன்றவனைக் குற்றவாளியாக்கவில்லை. உழவனுக்கு அந்தக் கதவு திறந்தே இருந்தது.

அக்கதவின் வழியே வந்தது பயிர்க்காப்புத் துப்பாக்கி. உணவுப் பஞ்சம் வாட்டிய 1940களில் 'அதிக உணவு விளைவிப்போம்' இயக்கம் நடந்தது. நாட்டின் பல பகுதிகளில் இத்துப்பாக்கிகள் பெருகின. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், பயிரைக் காக்க மெய்யாகவே வேண்டுவோர்க்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் வைத்தது. உள்ளதைச் சொல்வதானால், அத்துப்பாக்கிகள் வயல்வரப்போடு நிற்கவில்லை. அறுவடை முடிந்த பிறகும் அவை ஒலித்தன, காட்டுக்குள்ளும் ஒலித்தன, இறைச்சி சந்தைக்குப் போயிற்று. 1952இல் இந்திய வனவிலங்கு வாரியத்தின் முதற்கூட்டம் மைசூரில் மகாராஜா ஜயசாமராஜேந்திர உடையார் தலைமையில் கூடியபோது, நாடெங்கும் விலங்கினம் அருகிவந்தது. மானைப் பிடிக்க மன்னர் வளர்த்த சிவிங்கி, அதே 1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

பின்னர் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக் கதவு சாத்தப்பட்டது. அதன் நுட்பம் ஒன்றை இங்கே கூற வேண்டும். விலங்கு நிற்கும் பயிருக்குக் கேடாகிவிட்டால் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து மூலம் அனுமதித்து அதனைக் கொல்லச் செய்யலாம். ஆனால் முதல் அட்டவணை விலங்குக்கு இது பொருந்தாது. அது மனித உயிருக்கு ஆபத்தானால் அல்லது மீளா நோயோ ஊனமோ உற்றால் மட்டுமே. வயல்வெளியில் வாழும் வெளிமான், அதாவது கிருஷ்ணமிருகம், அந்த முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின்னும் அங்கேயே இருக்கிறது. காட்டில் ஒளியாமல் சமவெளியில், உழவனின் கண்முன் வாழும் மானுக்கே சட்டத்தின் மிகக் கடுமையான காவல் வாய்த்தது.

காவல் தவறு என்று நாம் கூறவில்லை. அஃது இல்லாதிருந்தால் கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் இன்று வெளிமானைக் காண்பது அரிதாகியிருக்கும். ஆனால் மானைக் காத்தவர்கள், அதன் பெருக்கத்தை இயற்கையாகவே அடக்கிவந்த ஓநாயைக் காக்கவில்லை. அது மேயும் புல்வெளியையும் காக்கவில்லை. இராணிபென்னூரில் 1974இல் வெளிமானுக்கென 119 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் அமைந்தது. அதில் பெரும்பகுதி தைலமரத் தோப்பு. தோப்பில் புல் குறைந்தால் மான் எங்கே போகும்? ஆவேரி மாவட்டத்துச் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும்தான். அந்தமான் தீவுகளின் கதையும் இதற்குத் துணையாகும். ஆங்கிலேயர் அங்கே கொண்டுபோய் விட்ட புள்ளிமான், கொன்றுதின்னும் விலங்கு எதுவும் இன்மையால் தீவுதீவாகப் பெருகிற்று. 1950களில் சிறுத்தையைக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தனர், அது தழைக்கவில்லை.

கொல்வதற்கே மீண்டும் வழி திறந்ததும் உண்டு. 2015 டிசம்பரில் மத்திய அரசு பீகாரின் சில மாவட்டங்களில் நீலப்பசுவையும் காட்டுப்பன்றியையும் ஓராண்டுக்குத் தீங்கு விலங்குகள் என அறிவித்தது. 2016 ஜூனில் மோக்காமா வெளியில் வரவழைக்கப்பட்ட துப்பாக்கி வல்லுநர் சில நாட்களில் இருநூறுக்கு மேற்பட்ட நீலப்பசுக்களைச் சுட்டு வீழ்த்தினர். மத்திய அமைச்சர் இருவரே, மேனகா காந்தியும் பிரகாஷ் ஜாவடேகரும், இதன்மேல் வெளிப்படையாக மாறுபட்டுப் பேசினர். தமிழ்நாட்டரசு 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கு ஒரு வரம்பு வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம்; உழவர் தாமே சுடலாகாது. அதே ஆண்டு அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துச் சாஜாப்பூரில் வேறு வழியை மேற்கொண்டனர். ஹெலிகாப்டரால் மந்தையை ஓட்டிப் பட்டிக்குள் அடைத்து, நூற்றுக்கணக்கான வெளிமான்களை உயிரோடு காட்டுக்குக் கொண்டு சேர்த்தனர். செலவு மிகுந்த வழிதான். ஆயினும் ஒருவன் பயிரைக் காக்க அரசே வானில் பறந்து வந்தது என்பதை வரலாற்றில் குறித்துவைக்க வேண்டும்.

நமக்கு அண்மையில் துமகூரு மாவட்டத்து மதுகிரி வட்டத்தில் மைதனஹள்ளி இருக்கிறது. 2007இல் அங்கே 798 ஏக்கர் புல்வெளி ஜயமங்கலி வெளிமான் காப்பிடமாயிற்று. விடுமுறையில் பெங்களூரிலிருந்து படம் எடுக்கச் செல்வோர் பலர். அப்புல்வெளியைச் சுற்றி நிலக்கடலையும் கேழ்வரகும் விளைகின்றன. மான்கள் அங்கும் மேய்கின்றன. பரணும் தீப்பந்தமும் இருந்த இடத்தில் இன்று பழஞ்சேலைகளை வரப்போரம் கட்டுவதும் கைவிளக்கோடு காவல் இருப்பதும் உழவர் கைக்கொள்ளும் வழிகள். பயிர் அழிந்தால் வனத்துறைக்கு விண்ணப்பம் எழுதி, அதிகாரி வந்து பார்த்து மதிப்பிட்ட பின்னரே இழப்பீடு. அழிந்த பயிருக்குத்தான் அத்தொகை. விழித்திருந்த இரவுகளுக்கு அவ்விண்ணப்பத்தில் இடமில்லை.