கித்தாப் பால் ஆசிட் (பார்மிக் அமிலம்)

ரப்பர் மரத்துப் பாலை உறையவைக்கப் பயன்படும் அரிக்கும் அமிலம். நிறமற்றது, மூக்கைத் துளைக்கும் நெடி உடையது. மலேசியத் தோட்டத் தமிழில் வெறுமனே ‘ஆசிட்’. மலாயில் ‘சூக்கா கெத்தா’, அதாவது கித்தாக் காடி (கித்தா என்றால் ரப்பர்). கீழ்ப்பேராக்கில் பெர்னாம் ஆற்றை ஒட்டிய ஹுத்தான் மெலிந்தாங்கிலும் தெலுக் இந்தான் வட்டாரத்திலும் உள்ள தோட்டங்களில் இதை அளந்து, கலந்து, ஊற்றியவர்களில் பெரும்பாலோர் தமிழர். வேதியியல் ஆய்வகம் என்ற பெயர் இல்லாவிட்டாலும், பலர் ஒன்றாக நின்று அமிலத்தோடு வேலை செய்த இடம் தோட்டத்துப் பால் ஸ்டோர்தான்.

வரலாறு

1671இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரே எறும்புகளைக் காய்ச்சி வடித்து இந்த அமிலத்தைப் பிரித்தார். எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்தது. ரப்பர் மரம் சீவப் போனவரை முசுறு கடித்தபோது எழும் எரிச்சலுக்கும் இதுவே காரணம். 1855இல் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ கார்பன் மோனாக்சைடிலிருந்து இதைச் செயற்கையாக உருவாக்கினார்.

பேராக்கில் ரப்பர் கன்றுகள் 1877இல் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. பிரேசிலில் பாலைப் புகையில் காட்டி அடுக்கடுக்காக உறையவைத்தார்கள். ஆசியத் தோட்ட முறைக்கு வழி திறந்தது இலங்கை. பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஜான் பார்க்கின், 1898–99 ஆண்டுகளின் சோதனைகளில், சிறிதளவு அசிட்டிக் அமிலமே பாலைச் சீராக உறையவைக்கும் என்று காட்டினார். மலாயாத் தோட்டங்கள் அதையே எடுத்துக்கொண்டன. ஹுத்தான் மெலிந்தாங்கை அடுத்த ஜெண்டராட்டா தோட்டத்தை டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

முதல் உலகப் போரில் அசிட்டிக் அமிலம் வெடிமருந்துத் தொழிலுக்குத் திருப்பப்பட்டது. தோட்டங்களுக்கு வருவது அருகியது. கந்தக அமிலம், படிகாரம், புளிக்கவைத்த தேங்காய்த் தண்ணீர் எனப் பலவற்றைச் சோதித்தார்கள். தென்னை நிறைந்த கடலோரப் பகுதிகளுக்குத் தேங்காய்த் தண்ணீர் இயல்பான யோசனை. கந்தக அமிலம் மலிவு. ஆனால் ரப்பர்ச் சீட்டில் (தகட்டில்) தங்கிப்போனால் ரப்பரைக் கெடுக்கும், கையில் பட்டால் ஆளைக் கெடுக்கும். இரு போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் பார்மிக் அமிலம் முன்னுக்கு வந்தது. குறைந்த அளவே போதும் என்பதுதான் அதற்குக் காரணம். 1925இல் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் அளவுகளை வரையறுத்துப் பரப்பியது.

செயல்படும் விதம்

புதிய பால் ஏறக்குறைய நடுநிலையானது. ரப்பர்த் துகள்களைச் சுற்றிய புரத உறையின் எதிர்மின்னூட்டம் அவற்றை ஒட்டவிடாது. அமிலம் சேர்த்து அமிலகார எண்ணை 5க்குக் கீழே இறக்கியதும் அந்த விலக்கம் தளர்ந்து பால் திரள்கிறது. மங்குகளிலிருந்து (மரத்தில் பால் சேரும் கிண்ணங்களிலிருந்து) வந்த பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, அலுமினியத் தொட்டியில் நிரப்பி, நீர்த்த ஆசிட்டை ஊற்றிக் கிளறித் தடுப்புப் பலகைகளைச் செருகுவார்கள். உறைந்த பாளத்தை மெஷினில் அழுத்திச் சீட்டாக்கிப் புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள்.

சேமிப்பும் கையாளுதலும்

ஸ்டோருக்கு வருவது 85 முதல் 90 விழுக்காட்டு அமிலம். தொட்டிக்குப் போவதோ சில விழுக்காடே. 90 விழுக்காட்டு ஆசிட் ஒரு பங்குக்குத் தண்ணீர் 44 பங்கு என்றால் சுமார் 2 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். ஆபத்தின் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சில நிமிடங்களில் இருக்கிறது. தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் ஆசிட்டை மெதுவாகச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் சூடேறித் தெறிக்கும். நீர்க்கவைக்கும் வேலையை ரப்பர்க் கையுறை, கண்ணாடி, ஏப்ரன் அணிந்தவரே செய்ய வேண்டும். ஆசிட் பட்டால் தோலையோ கண்ணையோ குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது.

முன்பு பிரம்புக் கூடையிலோ மரச்சட்டத்திலோ பொதிந்த பெரிய கண்ணாடிக் குடுவைகளில் வந்தது. பிறகு பிளாஸ்டிக் கேன்கள் வந்தன. இரும்பு ஆகாது. அடர் அமிலம் நாளடைவில் மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடை வெளியிடும் என்பதால், மூடியில் காற்றுப் போக வழி வேண்டும், அறையிலும் காற்றோட்டம் வேண்டும். வெயில் படாத தரைமட்டத்தில், கசிந்தால் தாங்கும் தட்டின் மேல் வைப்பது முறை.

பால் உறையாமல் காக்கும் அமோனியாவும் பல ஸ்டோர்களில் இருந்தது. இரண்டும் பக்கத்தில் இருந்தால் வெண்புகை எழும், சூடேறும். சோடியம் குளோரேட் போன்ற களைக்கொல்லியை ஆசிட்டோடு ஒரே அறையில் பூட்டுவது வெடிப்புக்கு வழிவிடும். கந்தக அமிலத்தோடு சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு பொங்கி வரும். ஆகவே ஓர் அறை, ஒரு சாவி என்ற சிக்கனம் தவறு.

சிறுதோட்டக்காரர்களின் நிலை இதைவிட மோசம். கடையில் சில்லறையாக வாங்கிய ஆசிட் சிரப் பாட்டிலிலும் சோயாச்சாற்றுப் பாட்டிலிலும் வீட்டுக்கு வந்தது. ஆசிட்டை உணவுப் பாட்டிலில் ஊற்றக் கூடாது என்ற விதிக்கு விலக்கே கிடையாது. ரப்பர் விளையும் கேரளத்தில் இதை விழுங்கிப் பாதிக்கப்பட்ட 53 பேரைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 1985இல் வெளியானது. பூட்டும் பெயர்ச்சீட்டும் உயிர்காக்கும் கருவிகள்.

சட்டம்

மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலச் சட்டமும், அதன் கீழ் வந்த 2000, 2013ஆம் ஆண்டு விதிகளும் பொருந்துகின்றன. வேலையிடக் காற்றில் பார்மிக் அமில ஆவிக்கு எட்டு மணி நேரச் சராசரி வரம்பு பத்து இலட்சத்தில் 5 பங்கு. கொள்கலனின் பெயர்ச்சீட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தலைமுறைகளாக ஆசிட் ஊற்றியவர்களில் பலர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். அவர்கள் படிக்கக்கூடிய எழுத்து அந்தக் கேனில் கட்டாயமாக்கப்படவில்லை. ஸ்டோர்ச் சுவரில் தமிழில் எழுதிய ஒரு பலகை இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்திருக்கும்.

இன்றைய நிலை

1965இல் வந்த தரப்படுத்திய மலேசிய ரப்பர் திட்டத்துக்குப் பின் மங்கிலேயே உறைந்த கட்டிப்பால் ஆலைக்குப் போவது பெருகியது; ஸ்டோரில் ஆசிட்டின் தேவை குறைந்தது.  ஹுத்தான் மெலிந்தாங்கைச் சுற்றிலும் இப்போது செம்பனையும் தென்னையும். அமிலங்கள் இன்று ஆலை ஆய்வகங்களிலும் இடைநிலைப்பள்ளி ஆய்வகங்களிலும் உள்ளன.