சாம்பலில் நட்ட மூங்கில்கள்

நெசவில் வல்ல ஒரிஹிமே என்னும் விண்ணரசன் மகள் மாடு மேய்க்கும் ஹிகோபோஷியை மணந்தாள். காதலில் இருவரும் தொழிலை மறந்தனர். சினமுற்ற தந்தை, பால்வீதி என்னும் ஆற்றின் இரு கரைகளிலும் அவர்களைப் பிரித்து வைத்தான். ஏழாம் மாதம் ஏழாம் நாளில் மட்டும் சந்திக்க இசைந்தான். அவள் அபிஜித் விண்மீன். அவன் நாம் திருவோணம் என்றழைக்கும் நட்சத்திரத்தின் ஒளிமிக்க மீன். இக்கதையிலிருந்து மலர்ந்ததே ஜப்பானியரின் தனாபாத்தா விழா.

சீனத்தில் பிறந்த இவ்வழக்கம் எட்டாம் நூற்றாண்டளவில் ஜப்பானிய அரசவையை அடைந்தது. கைத்திறன் வேண்டி மகளிர் நிகழ்த்திய சடங்கு, எடோ காலத்தில் எளிய மக்களின் விழாவாயிற்று. வண்ணத் தாள்களில் வேண்டுதல்களை எழுதி மூங்கிற் கிளைகளில் கட்டினர்.

இவ்விழாவுக்குப் பெயர்பெற்ற நகரம் வடகிழக்கிலுள்ள செண்டாய். 1873இல் புதிய நாட்காட்டி வந்தபின் அங்கே விழா மங்கியது. ஜூலை ஏழு மழைக்காலத்தில் விழுந்தது. மழை பெய்தால் காதலர் சந்திப்பதெங்ஙனம்? 1927இல் பொருளாதார மந்தத்தால் சோர்ந்திருந்த வணிகர்களே விழாவை மீட்டெடுத்தனர். பழைய பருவத்தை ஒட்டி, ஆகஸ்ட் 6 முதல் 8 வரை அது நடைபெறுகிறது.

1945 ஜூலை 10 அன்று குண்டுவீச்சில் செண்டாயின் நடுப்பகுதி எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டே, அந்தக் கரிந்த வீதியில் 52 மூங்கில்கள் அலங்கரித்து நிறுத்தப்பட்டன. உணவுக்கே அல்லலுற்ற நாளில் காகித அலங்காரம் எதற்கென்று நாம் கேட்கலாம். வேண்டுதல் எழுதுகிறவன் நாளையை நம்புகிறான் என்பதே அதற்கு விடை.

செண்டாய் மூங்கில்களில் ஏழுவகை அலங்காரங்கள் தொங்கும். வேண்டுதல் தாள், காகித ஆடை, நீண்ட ஆயுளுக்குக் கொக்கு, சிக்கனத்துக்குப் பணப்பை, நல்ல மீன்பாட்டுக்கு வலை, நெசவு நூலை நினைவூட்டும் தொங்கல்கள் ஆகியவை ஆறு. ஏழாவது ஒரு குப்பைக்கூடை! மற்றவற்றைச் செய்தபின் எஞ்சிய துண்டுத்தாள்களை அதிலிட்டு, அதையும் உடன் தொங்கவிடுகின்றனர். வெட்டி எறியப்பட்டவற்றுக்கும் விழாவில் இடம் உண்டு.

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அக்கடற்கரையைச் சூறையாடின. ஐந்து திங்களுக்குள் ஆகஸ்ட் வந்தது; மூங்கில்களும் வீதிக்கு வந்தன. துயரம் தீர்ந்தபின் கொண்டாடலாம் என்று அம்மக்கள் காத்திருக்கவில்லை. எஞ்சியதைக் கூடையில் திரட்டி, அதையே உயரக் கட்டினர். நம் வாழ்வின் துண்டுத்தாள்களை நாம் எங்கே வைத்திருக்கிறோம்?