சொறியணமும் செந்தட்டியும்: ஒரு மூலிகையின் பெயர் வரலாறு

பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியிலும் இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு மலைகளிலும் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. அங்கு வேலியோரங்களில் படரும் ஒரு கொடியைத் தமிழர் செந்தட்டி, காஞ்சொறி என்பர். மலையாளத்தார் சொறியணம், கொடித்தூவை என்பர். அது பட்ட இடம் தடித்துச் சிவந்து அரிக்கும். காஞ்சொறியிலும் சொறியணத்திலும் ‘சொறி’ என்னும் ஒரே வேர் நிற்பது காண்க. செந்தட்டிக்குச் செந்தொட்டி என்னும் வடிவமும் உண்டு. தொட்டாற் சிவக்கச் செய்வது என்னும் பொருளை அது காட்டுகிறது எனலாம்.

ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ரீடின் ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’ இரண்டாம் தொகுதியில் இம்மலையாளப் பெயர் இலத்தீன் எழுத்துகளில் இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ் இதற்கு டிராஜியா இன்வொலுக்ராட்டா என்று பெயரிட்டார்.

சிக்கல் வடமொழிப் பெயரில்தான் தொடங்குகிறது. அமரகோசம் துராலபா என்னும் மூலிகைக்குத் துஸ்பர்சம் (தொடற்கரியது), கச்சுரா (சொறி தருவது) முதலியவற்றையும் ஒருபொருட் பெயர்களாக வைக்கிறது. வடநாட்டு மருத்துவர் இதற்குக் கொள்வது பாகோனியா என்னும் வறண்ட நிலத்து முட்செடி. கேரள வைத்தியரோ சொறியணத்தின் வேரையே துராலபாவாகக் கொண்டு கஷாயங்களில் சேர்ப்பர். மழைமிகுந்த மலைநாட்டில் அம்முட்செடி கிடைப்பதரிது. பெயர்ப்பொருளுக்கு இசைந்த கொடியோ காலடியிலேயே இருந்தது. பெயரின் பொருளே மருந்தைத் தேர்ந்தெடுத்தது என்று கருத இடமுண்டு. ஆதலின் துராலபா என்பதை அகராதியை மட்டும் நம்பிப் பெயர்த்தால் நோயாளியின் கைக்கு வேறு செடி போய்ச் சேரும். மூலநூல் எந்நாட்டு வைத்தியருடையது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஆங்கிலத்து ‘நெட்டில்’ என்பதைக் காஞ்சொறி எனப் பெயர்ப்பதிலும் இதே இடர் உண்டு. ஐரோப்பிய நெட்டில் அர்ட்டிகேசியே குடும்பத்தது. அதன் தூவியின் சிலிக்கா முனை முறிந்து நச்சுநீர் தோலினுட் செல்லும். காஞ்சொறி ஆமணக்கின் குடும்பம். அதன் தூவியில் இருப்பது கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகம். அரிப்பு ஒன்றே இரண்டிற்கும் பொது. ஐரோப்பியச் செடிக்குச் சொல்லப்பட்ட பயன்களைப் பெயர் ஒற்றுமையால் இதன்மேல் ஏற்றுவது பிழையாகும். மலைச்சோலைகளில் வளரும் ஆனைச்சொறியணமே நெட்டிலின் உண்மையான உறவு. நீலகிரி நெட்டில் என 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் அதன் நாரைப் பாராட்டினர்.

கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், மலையாள இல்லங்களில் சமைக்கும் பத்திலைக் கறியில் ஆனைக்கொடித்தூவையும் ஒன்று. வெந்தபின் இலை அரிப்பதில்லை. ஆனால் இப்பெயர் எல்லா ஊரிலும் ஒரே செடியைக் குறிப்பதில்லை. பத்திலைப் பட்டியலும் இடந்தோறும் மாறுகிறது. களப்பணியாளர் பெயரைக் கேட்டு எழுதுவதோடு நில்லாமல், சமைப்பவர் பறிக்கும் இலையையும் (கைக்குத் துணி சுற்றிக்கொண்டு) வாங்கி உலர்த்தி வைத்தல் நன்று.