கோணைக் கடலிற் சுழியோடியவர்

கீரிமலையில் நீராடி நகுலேசுவரரை வணங்கும் நமக்குத் திருக்கோணேசுவரம் அயலூர்க் கோயிலன்று. 1621இல் நல்லூர்க் கந்தனாலயத்தை இடித்த பறங்கியர், அடுத்த ஆண்டே கோணமாமலையிலும் கைவைத்தனர். தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் ஆணையால் ஆலயம் தகர்க்கப்பட்டது. பெயர்த்த கற்களிற் பல கோட்டைச் சுவர்களாயின. எஞ்சியவற்றுட் பல மலையினின்றும் உருண்டு கடலுள் வீழ்ந்தன. அதன்பின் முந்நூறு ஆண்டுகள் அடியார்கள் மலையுச்சியில் நின்று கடலை நோக்கிப் பூவும் பழமும் இட்டு வழிபட்டனர். வெறும் நீரையா வணங்கினர்? அப்படி எண்ண நமக்கு மனம் வரவில்லை.

அந்நீரின் அடியிற் கிடந்ததை உலகுக்குக் காட்டியவர் மைக் வில்சன் என்னும் ஆங்கிலேயர். எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்குடன் 1956இல் இலங்கைக்கு வந்தவர். அவர்கள் தேடி வந்தது கோயிலையன்று. பவளப்பாறைகளையும் மீனினங்களையும் படம்பிடிக்கவே வந்தனர். நம் நாட்டுச் சுழியோடியாகிய றொட்னி ஜொங்க்ளாசும் அவர்களுக்குத் துணைநின்றார்.

நமது மக்கள் கடலுக்கு அஞ்சியவர்களல்லர். மன்னாரில் முத்தும், யாழ்ப்பாணக் கடலிற் சங்கும் குளித்தவர்கள். ஆயினும் காலிற் கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்குபவன் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மேலே வந்தேயாக வேண்டும். கிடைத்த சிப்பியை அள்ளவே அப்பொழுது போதாது. தூண் எது, பாறை எது என்று ஆராய்வது எங்ஙனம்? பிரான்சு தேசத்துக் கூஸ்தோவும் கன்யானும் 1943இல் அமைத்த கருவி இந்தத் தடையை நீக்கியது. அழுத்திய காற்றடைத்த உருளையை முதுகிற் சுமந்து, வேண்டுமளவு மூச்செடுத்தபடி நீருள் உலாவலாம்.

அக்கருவியோடு வில்சன் சுவாமிமலையின் அடிவாரத்தில் இறங்கினார். செதுக்கிய தூண்களும் கற்பாளங்களும் பாறைகளிடையே சிதறிக் கிடந்தன. அவற்றிடையே ஒரு சிவலிங்கமும் அவர் கண்ணிற் பட்டது. வேற்றுச் சமயத்திற் பிறந்த ஒருவர் அதனைக் கல்லென்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. கரை சேர்ந்த அச்சிவலிங்கம் கோணேசர் ஆலயத்தை அடைந்தது. 1950இற் கிணறு வெட்டியபோது நிலத்தினின்றும் வெளிப்பட்ட செப்புத் திருமேனிகள் முன்னமே கிடைத்திருந்தன. புதிதாக எழுந்த ஆலயத்துக்கு 1963இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. கிளாக் 1957இல் வெளியிட்ட நூலொன்றில் அந்தச் சுழியோட்டங்களை விரிவாக எழுதியுள்ளார்.

1961இல் தென்கடலிலுள்ள கிரேட் பாசஸ் பாறைத்தொடரில் மூழ்கிய கப்பலொன்றைக் கண்டவரும் வில்சனே. அதிலிருந்தவை 1702ஆம் ஆண்டளவிற் சூரத்தில் அச்சிட்ட ஔரங்கசீப்பின் வெள்ளி நாணயங்கள். உலகம் அவரைப் பெரிதும் அறிந்தது அவ்வெள்ளியால். நாமோ குளக்கோட்டன் பெருமையைப் பக்கம் பக்கமாக எழுதுகின்றோம். இவருக்கு ஒரு வரி ஒதுக்குவதும் அரிது.

பிற்காலத்தில் அவர் துறவு பூண்டார். சுவாமி சிவ கல்கி என்னும் பெயருடன் கதிர்காமத்தானை நாடி வாழ்ந்து 1995இல் மறைந்தார். அவர் கண்ட தூண்களுட் பல இன்றும் மலையடியில், மீன்கள் உலாவ, அங்கேயே கிடக்கின்றன.