பனிக்கட்டி, தண்ணீர், நீராவி: என்ட்ரோபியின் கதை

பனிக்கட்டியைச் சூடாக்கினால் வெப்பநிலை உடனே ஏற வேண்டும் அல்லவா? ஏறுவதில்லை. கடைசித் துண்டு உருகும்வரை தெர்மாமீட்டர் 0 டிகிரியிலேயே நிற்கும். 1760களில் இதை அளந்து பார்த்தவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். கொடுத்த வெப்பம் எங்கே போனது? 'உள்ளுறை வெப்பம்' என்று பெயர் வைத்தார். பெயர் கிடைத்ததே தவிர விளக்கம் கிடைக்கவில்லை.

1865ல் ஜெர்மனியின் கிளாசியஸ், உள்ளே போகும் வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்து வரும் அளவுக்கு 'என்ட்ரோபி' என்று பெயரிட்டார். எனர்ஜி என்ற சொல்லைப் போலவே ஒலிக்கட்டும் என்று வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார். (மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதற்கு அவரும் ஒரு காரணம்!)

இந்தக் கணக்கைத் தண்ணீருக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மோல், அதாவது 18 கிராம் பனிக்கட்டி உருக சுமார் 6,010 ஜூல் வேண்டும். 273ஆல் வகுத்தால் 22. அதே 18 கிராம் தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாக சுமார் 40,700 ஜூல். 373ஆல் வகுத்தால் 109. ஐந்து மடங்கு! திண்மத்திலிருந்து நீர்மத்துக்கு ஏறுவது வாசற்படி என்றால், நீர்மத்திலிருந்து வாயுவுக்கு ஏறுவது மதில் சுவர்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? 1877ல் ஆஸ்திரியாவின் போல்ட்ஸ்மான் வழி காட்டினார். மூலக்கூறுகள் எத்தனை விதமாக அமைய முடியும் என்ற எண்ணிக்கைதான் என்ட்ரோபியைத் தீர்மானிக்கிறது என்றார். உருகும்போது மூலக்கூறுகளுக்கு நகரும் சுதந்திரம் கிடைக்கிறது, ஆனால் திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்துக்கொண்டுதான் நகர வேண்டும். ஆவியானாலோ, கிடைக்கும் இடம் ஏறத்தாழ 1,600 மடங்கு ஆகிவிடுகிறது. ஆனால் அணு என்று ஒன்று இருப்பதையே எர்ன்ஸ்ட் மாக் போன்றவர்கள் ஏற்காத காலம் அது. யாரும் பார்க்காத ஒன்றை எண்ணச் சொன்னால் எதிர்ப்பு வராமல் இருக்குமா? 1906ல் போல்ட்ஸ்மான் இறந்தபோதும் அந்தச் சண்டை முழுதாக ஓயவில்லை.

அதே 1906ல் நெர்ன்ஸ்ட் வெளியிட்ட வெப்பத் தேற்றத்தைப் பிளாங்க் பிறகு நீட்டித்தார். குறையற்ற படிகத்தின் என்ட்ரோபி தனிச்சுழி வெப்பநிலையில் பூஜ்ஜியம் என்பது அதன் சாரம். இப்போது பனிக்கட்டி, தண்ணீர், நீராவி மூன்றுக்கும் அடியிலிருந்து கணக்கு எழுத முடிந்தது.

அங்கேதான் சிக்கல். பனிக்கட்டியிலிருந்து படிப்படியாக வெப்பத்தை அளந்து கூட்டினால், 25 டிகிரியில் நீராவிக்குச் சுமார் 185 வந்தது. நிறமாலையை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 189. கலிபோர்னியாவில் கியாக் என்பவரும் அவருடைய சகாவும் 1933ல் இந்த இடைவெளியைக் காட்டினார்கள்.

1935ல் விடை சொன்னவர் லினஸ் பாலிங். பனிக்கட்டியில் ஒவ்வொரு ஆக்சிஜனையும் சுற்றி நான்கு ஹைட்ரஜன்கள். இரண்டு அருகில், இரண்டு தள்ளி. எந்த இரண்டு அருகில் என்பதற்கு ஒரே ஒழுங்கு கிடையாது. எவ்வளவு குளிரவைத்தாலும் அந்தக் குழப்பம் அப்படியே உறைந்துவிடுகிறது. மூலக்கூறு ஒன்றுக்கு 3/2 வழிகள் என்று எண்ணி, 3.37 என்று மீதியைச் சொன்னார் பாலிங். போல்ட்ஸ்மான் சொன்ன அதே எண்ணும் வித்தைதான்!

1936ல் கியாக்கும் ஸ்டவுட்டும் மறுபடி கவனமாக அளந்தார்கள். கிடைத்தது 3.4.